நாடகத்து அக்கா

வட்டகொடை, மேட்டு லயம்
03.03.2024

வினோதா,

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுதப் போவதில்லை. போனில் உன் நம்பரைத் தடுத்து வைத்திருப்பது இந்நேரம் உனக்கே தெரிந்திருக்கும். போனில் பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன், உன் அண்ணன் யோகன் காதைப் பொத்திக்கொண்டு தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைக்கு ஓடிவிடுவான். காகிதம் என்றால் ஒருத்தி பேசி முடிக்கும்வரை மற்றவள் வாயை மூடிக்கொண்டு இருந்துதான் ஆக வேண்டும்.

டிவிக்கு நீ எழுதுகிற 'பச்சைக் கொடி' நாடகத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆறரை மணி ஆனால் எங்கள் லயத்து வரிசையில் ஒரு வீடு பாக்கியில்லாமல் டிவி அலறுகிறது. அதில் மாறன் என்று ஒருவன் வருகிறான். ஆள் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டான். பதுளைக்குப் போகிற ரயில், கொழும்புக் கோட்டைக்குப் போகிற ரயில் எல்லாவற்றின் நேரத்தையும் ஒப்பிப்பான். சோற்றில் கறி ஒட்டினால் கோப்பையைத் தள்ளிவிடுவான். இவன் யார் என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. இன்று காலையும் நான்தான் அவனுக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்தேன்.

அதைக்கூட விட்டுவிடலாம். மாறனுக்கு ஓர் அக்காவை வைத்திருக்கிறாய் பார், தேவி! கதவு நிலையில் இரண்டு தடவை தட்டிவிட்டு உள்ளே வருகிறாள். அது யாருடைய பழக்கம்? சொல்லாமல் கொள்ளாமல் யாராவது வீட்டுக்குள் நுழைந்தால் யோகன் அலறுவான் என்பதற்காக நானாகக் கண்டுபிடித்தது அது. அதை எடுத்து, புருவம் திருத்திய ஒரு நடிகைக்குக் கொடுத்திருக்கிறாய். அதையும் சரியாகக் கொடுக்கவில்லை. அவள் தட்டிய கையோடு உள்ளே வந்துவிடுகிறாள். அப்படி வரக்கூடாது. அவன் "ம்" என்று சொல்லும்வரை வெளியே நிற்க வேண்டும். மழையானாலும் நிற்க வேண்டும்.

நேற்று மடுவத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்க வரிசையில் நின்றபோது ராசம்மா அக்கா சொல்கிறார், "அந்தப் புள்ள தேவி எம்புட்டுப் பொறுமையா தம்பியப் பாத்துக்குது பாரு பூரணி. தெய்வம்டி அது!" சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். இதே ராசம்மா அக்காதான், "சாமியாடிகிட்ட கூட்டிப்போயி வேப்பிலை அடி, இல்லேன்னா கட்டிப்போடு" என்று எனக்குப் புத்தி சொன்னவர். இத்தனை வருஷத்தில் என்னைப் பார்த்து ஒருவரும் கண்ணைத் துடைக்கவில்லை.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மாறன் செய்வதையெல்லாம் யோகன் செய்கிறான். மாறன் சட்டையைக் கழுத்துவரை பூட்டினான், இவனும் பூட்டினான். மாறன் புதன்கிழமை பருப்பு வேண்டாம் என்றான், இங்கேயும் புதன்கிழமை பருப்பு கிடையாது. ஆகவே அடுத்தடுத்த வாரங்களில் அந்த மாறன் என்னென்ன செய்யப் போகிறான் என்று முன்கூட்டியே எனக்கு எழுது. நான் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

பூரணி


கொழும்பு
14.03.2024

அன்பு அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நடிகையின் புருவம்வரை கவனித்திருக்கிறீர்கள். அப்படியானால் ஒரு நாள் விடாமல் பார்க்கிறீர்கள் என்று அர்த்தம். அதற்கு நன்றி.

இதை எழுதுவதற்கு நான் பட்ட பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள். சினிமாவிலும் டிவியிலும் இந்த மாதிரி ஆட்கள் வந்தால் இரண்டே வகைதான். ஒருவன் பத்து இலக்கக் கணக்கை மனதிலேயே போட்டுக் கொலைகாரனைக் கண்டுபிடிப்பான். மற்றவன் குழந்தை மாதிரிச் சிரித்துக்கொண்டே திரிந்து, கடைசியில் யாரையாவது காப்பாற்றிவிட்டுச் செத்துப்போவான். சேனலில் என்னிடமும் அதைத்தான் கேட்டார்கள். "மாறனுக்கு ஏதாவது ஒரு அதிசய சக்தி குடுங்க மிஸ்" என்றார்கள். முடியாது என்று சண்டை போட்டேன். அவன் என்ன என்பதற்கு ஒரு பெயர் இருக்கிறது, அதையாவது ஓரிடத்தில் சொல்லலாம் என்றேன். "அந்தச் சொல்லு வேணாம், சனம் சேனலை மாத்திடும். கொஞ்சம் வித்தியாசமானவன்னு போடுங்க" என்றார்கள். அதில் தோற்றுப்போனேன். ஆனாலும் பார்க்கிறவர்களுக்குத் தெரிகிறது அக்கா. லிந்துலையிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார், "என் மகனும் மாறன்தான், இதுக்கு என்ன பேர்" என்று.

அண்ணன் மாறனைப் போலச் செய்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க மாட்டேன். அம்மா செத்தபோது எனக்குப் பத்து வயது. இரண்டு பேரையும் பார்க்க முடியாது என்று ஹட்டனில் விடுதியில் கொண்டுபோய் விட்டீர்கள். யாரை? என்னை. அவரை வைத்துக்கொண்டீர்கள், என்னை அனுப்பினீர்கள். விடுமுறைக்கு வந்தால் அண்ணன் என் பக்கம் திரும்பக்கூட மாட்டார். நீங்கள் நிலையில் தட்டினால் மட்டும் தலை நிமிரும். உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றோடு நான் ஓடி வந்த அன்றைக்கும் அப்படித்தான். நான் வாசல் இஸ்தோப்பிலேயே நின்றேன், நீங்கள் தட்டினீர்கள், அவர் "ம்" என்றார், இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தீர்கள்.

இப்போது நான் எழுதிய சட்டையை அவர் போடுகிறார். முதல் தடவையாக என் பேச்சைக் கேட்கிறார். அது உங்களுக்குப் பொறுக்கவில்லை.

கதையை முன்கூட்டிச் சொல்ல முடியாது. சேனலுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். மற்ற எல்லோரையும் போல நீங்களும் ஆறரை மணிக்குத் தெரிந்துகொள்ளுங்கள்.

வினோதா


வட்டகொடை
02.04.2024

வினோதா,

உன் கடிதம் நேற்றுத்தான் கையில் கிடைத்தது. உறையின் முதுகில் இருந்த உன் விலாசத்தை யோகன் மூன்று தடவை சத்தமாகப் படித்தான். பிறகு உறையை வாங்கித் தன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டான்.

உன்னை அனுப்பினேன், அவனை வைத்துக்கொண்டேன். சரி. அவனை விடுதிக்கு அனுப்பியிருந்தால் எந்த விடுதி ஏற்றிருக்கும்? நீ படித்தாய். எட்டாம் வகுப்போடு வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்களத்தில் போய் நின்றவள் நான். இன்றைக்கு நீ அழகழகாக வசனம் எழுதுகிறாய், நான் எழுத்துக் கூட்டி எழுதுகிறேன். யார் யாரைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும், சொல்.

அந்தச் சொல்லை உங்கள் சேனலுக்குச் சொல்லப் பயம். எனக்குப் பயமில்லை. அவனுடைய பத்தொன்பதாவது வயதில் நுவரெலியாவில் ஒரு டாக்டரம்மா இரண்டு மணித்தியாலம் அவனோடு உட்கார்ந்திருந்தார். 'ஓட்டிசம்' என்றார். "இது நோய் வருத்தம் இல்லம்மா, அவர் மூளை வேலை செய்யிற விதமே அப்படி. நீங்க பாத்துக்கிற முறை சரி, அப்படியே செய்ங்க" என்றார். அவர் எழுதிக் கொடுத்த காகிதத் துண்டு பிஸ்கட் டின்னில் இன்னும் இருக்கிறது. நான் செய்வது சரி என்று எனக்குக் கிடைத்த ஒரே சான்றிதழ் அதுதான்.

சரி, உண்மையையே எழுதுகிறேன். உனக்கு இல்லாமல் யாருக்கு எழுதப் போகிறேன். போன வாரம் மாறன் தனியாக ரயில் பாதையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற காட்சி வந்தது. யோகன் எழுந்து டிவிக்குக் கிட்டப் போனான். அந்த நடிகனின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்துப் பார்த்தான். கண்ணைப் பார்த்தான் வினோதா. பிறகு, "அக்கா, இவன் என்னைய மாதிரி" என்றான்.

முப்பத்தெட்டு வருஷத்தில் எவரையும் அவன் 'என்னைய மாதிரி' என்று சொன்னதில்லை. என் முகத்தை ஒரு தடவையாவது அப்படி நேராகப் பார்த்ததில்லை. நான் குசினிக்குள் போய் அடுப்பை ஊதினேன். அது ஏற்கனவே எரிந்துகொண்டுதான் இருந்தது.

அவனுக்குப் புதிய கூட்டாளி கிடைத்தால் நான் சந்தோஷப்பட வேண்டும். முடியவில்லை. டிவிக் கண்ணாடிக்குள் இருக்கிற ஒருவனை அடிக்கலாம் போல இருக்கிறது. நீயோ கதையைச் சொல்ல மாட்டேன் என்கிறாய். ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த மாறனை எங்கேயும் அனுப்பிவிடாதே.

பூரணி


கொழும்பு
20.04.2024

அக்கா,

இதை நான் எழுதுவது சேனலுக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். படித்ததும் அடுப்பில் போடுங்கள்.

மே மூன்றாம் திகதி வெள்ளிக்கிழமை மாறன் ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு கோட்டை ரயிலில் ஏறிப் போகிறான். மூன்றாவது பெட்டி, இடப்பக்க ஜன்னல். தேவி வீட்டில் காத்திருக்கிறாள். இது உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே எடுத்து முடித்த காட்சி. அந்த வாரம் முழுவதும் டிவியைப் போடாதீர்கள். டிஷ் கெட்டுப்போய்விட்டது என்று ஏதாவது சொல்லுங்கள்.

வினோதா


வட்டகொடை
10.05.2024

வினோதா,

உன் ஏப்ரல் மாதக் கடிதம் மே எட்டாம் திகதி என் கைக்கு வந்தது.

கொழும்பில் உனக்குக் கதவு இலக்கம் இருக்கிறது, தபால்காரன் மணி அடித்துக் கொடுக்கிறான். லயத்துக்காரருக்கு விலாசம் ஏது? எல்லாம் தோட்டத்து ஆபீஸுக்கு வந்து அங்கே மேசையில் குவிந்து கிடக்கும். யாருக்கு எப்போது நினைவு வருகிறதோ அப்போது கட்டாகக் கொடுத்தனுப்புவார்கள். நீ இந்த லயத்தில் பிறந்தவள்தானே? விடுதிக்கு நான் போட்ட கடிதங்களுக்கு நீ எழுதிய பதில் ஒரு மாதம் கழித்து வந்ததெல்லாம் மறந்துபோனதா?

மாறன் ரயிலேறிய மறுநாள், சனிக்கிழமை, அரை நாள் வேலை முடிந்து வந்தேன். நிலையில் தட்டினேன். "ம்" சத்தம் இல்லை. இன்னும் கொஞ்சம் நின்றேன். கூடையைக்கூட இறக்காமல் நின்றேன். பிறகுதான் உள்ளே போனேன். பெட்டி திறந்து கிடந்தது, உன் உறை இல்லை. ஸ்டேஷனுக்கு ஓடினேன், ரயில் எப்போதோ போய்விட்டது. தண்டவாளத்தைப் பார்க்கவே பயந்தேன். ராசம்மா அக்காவுடைய போனுக்கு இரவில் நீ எடுத்து, "அண்ணன் இங்கதான் இருக்காரு" என்று சொல்லும்வரை எனக்கு உயிர் இல்லை. கோட்டையில் இறங்கி, உறையை ஓட்டோக்காரனிடம் நீட்டியிருக்கிறான். முப்பத்தெட்டு வயது ஆளுக்குத் தானாக ஒரு பயணம் போகத் தெரிந்திருக்கிறது. அதை நினைத்துப் பெருமைப்படக்கூட நீ எனக்கு இடம் வைக்கவில்லை.

மறுநாள் உன் வீட்டில் நடந்ததை நீயும் பார்த்தாய். "வா யோகா, வீட்டுக்குப் போவோம்" என்றேன். "மாறன் இன்னும் வரல" என்றான். இரண்டு நாள் உன் சோபாவில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அவன், "நீ ஏன் இங்க இருக்க? தேவி அக்கா வீட்டுலதான இருக்காங்க" என்றான். நான் இங்கே இருந்தால்தான் அவன் இங்கே திரும்பி வர முடியும். அதற்காகத்தான் வந்தேன். நீ வாசலில் நின்று பார்த்த பார்வையில் ஒரு சந்தோஷம் இருந்தது. இல்லை என்று சொல்லாதே.

சோறு தனிக் கோப்பை, கறி தனிக் கோப்பை. தொடாதே. தட்டிவிட்டு நில்.

பூரணி


கொழும்பு
19.05.2024

அன்பு அக்கா,

இதைத் தலவாக்கலையில் ராசம்மா அக்காவின் மகனுடைய கடை விலாசத்துக்கு அனுப்புகிறேன். இரண்டே நாளில் கிடைத்துவிடும். ஏப்ரலிலும் இந்தக் கடை இருந்தது. ராசம்மா அக்காவின் போன் நம்பரும் என்னிடம் இருந்தது. ஒரு அழைப்பு எடுத்திருந்தால் போதும்.

நான் எடுக்கவில்லை. கடிதம் போட்டாயிற்று, கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன். தோட்டத்து ஆபீஸ் மேசை எனக்கு மறந்துபோய்விட்டது என்றுதான் இத்தனை நாளும் எனக்கே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை அக்கா. அவர் ஒரு தடவையாவது என்னைத் தேடி வரட்டும் என்று எனக்கு ஆசை. தண்டவாளம், கோட்டை நெரிசல் எதையும் நினைக்கவில்லை. நீங்கள் என் வாசலில் கண்டது சரிதான்.

ஆனால் வந்தவரை எனக்கு வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. மூன்று நாள் கிரீம் கிரேக்கர் மட்டும்தான் சாப்பிட்டார். ஒரு தடவை மறதியில் அவர் தோளைத் தொட்டுவிட்டேன். அவர் போட்ட சத்தத்தில் மேல்மாடிக்காரர் இறங்கி வந்து சிங்களத்தில் என்ன பிரச்சினை என்று கேட்டார். நான் எழுதிய நாடகத்தில் மாறன் இப்படிக் கத்தியதே இல்லை. கத்துகிற யோகண்ணனை நான் எழுதவில்லை. அவரை நீங்கள் மட்டும்தான் பார்த்திருக்கிறீர்கள்.

நேற்று நீங்கள் சொன்னபடி நிலையில் இரண்டு தடவை தட்டிவிட்டு நின்றேன். பதினொரு நிமிஷம் நின்றேன், கடிகாரத்தைப் பார்த்தேன். பிறகு "ம்" என்றார். நான் கதவுக்கு வெளியே உட்கார்ந்து அழுதேன். நீங்கள் இதை ஒரு நாளைக்கு எத்தனை தடவை செய்கிறீர்கள் என்று கணக்குப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

மாறனைத் திரும்பக் கொண்டுவரச் சேனலோடு சண்டை போட்டு எழுதிவிட்டேன். மே முப்பத்தோராம் திகதி, வெள்ளிக்கிழமை. மாறன் ரயிலிலிருந்து இறங்குவான், தேவி ஸ்டேஷன் மேடையில் நின்று பெஞ்சுப் பலகையில் இரண்டு தடவை தட்டுவாள். அவன் "ம்" என்பான். அவ்வளவுதான், இருவரும் வீட்டுக்கு நடப்பார்கள். இப்படித்தான் நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மறுநாள் சனிக்கிழமை அண்ணன் வருவார். நான் அடுத்த பெட்டியில் அவருக்குத் தெரியாமல் ஏறிக்கொள்கிறேன். மேடையில் வந்து நில்லுங்கள்.

வினோதா


வட்டகொடை
09.06.2024

அன்பு வினோதா,

யோகன் நன்றாகச் சாப்பிடுகிறான். தனிக் கோப்பையில்தான். மாறன் இப்போது புதன்கிழமையும் பருப்புச் சாப்பிடுவதால் எனக்கு ஒரு வேலை மிச்சம்.

உன் நம்பரை விடுவித்துவிட்டேன். இருந்தாலும் இதைக் காகிதத்தில் எழுதினால்தான் எனக்கு வரும்.

நீ உன் குற்றத்தை ஒளிக்காமல் எழுதினாய். நான் ஒன்றை ஒளித்திருக்கிறேன். நாடகம் முடிந்து பெயர்கள் ஓடும்போது யோகன் எழுந்து நிற்பான். "கதை வசனம் வினோதா கந்தப்பன்" என்று சத்தமாகப் படிப்பான். அதற்குப் பிறகுதான் டிவியை நிறுத்துவான். முதல் நாளிலிருந்து ஒரு நாள் தவறியதில்லை. பெயர் ஓடுகிற நேரத்தில் கரண்ட் போனால் அன்றைக்குச் சாப்பாடு கிடையாது. விடுமுறைக்கு வருகிற உன் பக்கம் அவன் திரும்பவில்லை என்று எழுதியிருந்தாய். உன் பள்ளிக்கூடக் கொப்பிகள் அத்தனையும் அவன் பெட்டியில்தான் இருக்கின்றன. மார்ச் மாதமே இதை எழுதியிருக்க வேண்டும். மனம் வரவில்லை. உனக்கு அந்தச் சந்தோஷத்தைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை வினோதா.

இனி ஸ்டேஷன் விஷயம்.

வெள்ளிக்கிழமை ராசம்மா அக்கா வீட்டில் நாடகம் பார்த்தேன். மாறன் இறங்கினான். தேவி பெஞ்சில் தட்டுவாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் தட்டவில்லை. ஓடிப்போய் அவனைக் கட்டிப் பிடித்தாள். அவனும் அவள் தோளில் முகத்தை வைத்து அழுதான். வயலின் வாசித்தார்கள். வீட்டில் இருந்த பெண்கள் எல்லோரும் அழுதார்கள். நீ எழுதியதை மாற்றிவிட்டார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என் வயிறு எரிந்தது. யாருடைய தம்பியோ, அவளுக்கு அப்படிக் கிடைக்கிறது.

மறுநாள் ரயில் வந்தபோது எனக்கு ஒரே யோசனை. மாறன் செய்ததையெல்லாம் இவன் செய்கிறானே, இதையும் செய்வானோ? வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், எனக்கு ஆசையாக இருந்தது. மூன்றாவது பெட்டியிலிருந்து துணிப்பையோடு இறங்கினான். என் கைகள் தானாக விரிந்தன. அடுத்த பெட்டிக் கதவில் நின்று நீ பார்த்திருப்பாய். அவன் பின்னுக்கு இரண்டு எட்டு வைத்ததையும் பார்த்திருப்பாய். ரயில் புறப்பட்டது. நீ இறங்காமலே போய்விட்டாய். அக்கா அவமானப்பட்டு நிற்பதைப் பார்க்க வேண்டாம் என்று போனாயோ என்னவோ.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. சொல்லாமலே வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு சொன்னான், "அந்த அக்கா தட்ட மறந்துட்டாங்க. அவங்களுக்குத் தெரியாது. நீ தட்டு."

நான் பெஞ்சுப் பலகையில் இரண்டு தடவை தட்டினேன். காத்துக்கொண்டு நின்றேன்.

"ம்" என்றான். பையை என் கையில் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தான்.

ஆகஸ்ட் விடுமுறைக்கு வீட்டுக்கு வா. நிலையில் நீயே தட்டு, நான் குசினியில் இருந்துகொள்கிறேன். ஆனால் ஒன்று. அந்த ஸ்டேஷனில் அவன் சொன்னதை மட்டும் உன் நாடகத்தில் எழுதிவிடாதே. அது எனக்கு.

அக்கா
பூரணி